களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்: விரிப்பதற்கு முன் தண்ணீருக்கு வழி

கேள்வி இதுதான்: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் ஒரு முற்றம். முழுக்கக் களிமண். பெருமழை பெய்தால் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. 10 செ.மீ. தோண்டி, கிரஷர் தூள் (கல்லுடைக்கும் ஆலைத் தூள்) கொட்டி இடித்து, மேலே செயற்கைப் புல் விரித்தால் போதுமா? ‘புல்லின் அடியிலேயே துளை இருக்கிறது, தண்ணீர் தானாக இறங்கிவிடும்’ என்கிறார் விற்பவர்.

போதாது. விற்பவர் பொய் சொல்லவில்லை. நல்ல புல்லின் அடிப்புறம் மணிக்குச் சில நூறு மி.மீ. மழையைக்கூடக் கீழே விட்டுவிடும். விட்ட தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. இறுகிய களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் தண்ணீரை உள்வாங்கும். நனைந்து உப்பிவிட்டால் அதுவும் குறையும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். உங்கள் 50 சதுர மீட்டரில் 50 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். மண் மணிக்கு 2 மி.மீ. குடிக்கிறது என்று வைத்தாலும் அது வடிய 25 மணி நேரம் ஆகும். இப்போது முற்றத்தில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். அந்த மண்ணில் பள்ளம் தோண்டி எதை நிரப்பினாலும் கிடைப்பது ஒரு தொட்டி. தண்ணீர் முன்பு கண்ணுக்குத் தெரிந்தது, இனி புல்லுக்கு அடியில் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே களிமண்ணைக் குளியலறைத் தளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தளம் தண்ணீரைக் குடிக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாட்டம் கொடுத்து மூலையில் ஒரு துவாரம் வைக்கிறோம். இங்கேயும் அதே வேலைதான். தோண்டிய களிமண்ணின் மேற்பரப்புதான் உங்கள் தளம். ஜல்லி, தண்ணீர் அந்தத் தளத்தின்மேல் பக்கவாட்டில் ஓடுவதற்கான இடைவெளி. புல் வெறும் மேல்போர்வை.

மண் எவ்வளவு மோசம் என்று முதலில் பாருங்கள். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளங்கள். முதல் முறை இறங்குவதை நம்பாதீர்கள், காய்ந்த மண் ஏமாற்றும். 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் ஜல்லித் தளமும் வாட்டமும் மட்டும் போதலாம். அதற்குக் கீழே என்றால் குழாய் வடிகால் வேண்டும். 5 மி.மீ.க்கும் குறைவென்றால் மண் எதையும் குடிக்காது என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

வெளியேற்றமும் மட்டமும்

பலரும் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கிக் கடைசியில் வெளியேற்றத்தைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். தண்ணீர் கடைசியில் விழும் இடத்தின் மட்டத்தை முதலில் எடுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் ஒன்று இருந்தால் போதும், வேறு கருவி தேவையில்லை.

உங்கள் முற்றத்துக்கே போட்டுப் பார்ப்போம். வீட்டை ஒட்டி, ஜல்லியும் அதன்மேல் சிப்ஸும் (பொடி ஜல்லி) சேர்ந்த தளத்தின் மேல்மட்டத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள். அது வீட்டின் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். ஜல்லி 100 மி.மீ., அதன்மேல் சிப்ஸ் 30 மி.மீ. ஆக வீட்டுப் பக்கம் களிமண் தளம் 130 மி.மீ. கீழே. 100-க்கு 1 வாட்டம் கொடுத்தால் 10 மீட்டர் தள்ளி அது 230 மி.மீ. கீழே வரும். வடிகால் வாய்க்கால் அதற்கும் 250 மி.மீ. ஆழம், ஆக 480. குழாயின் அடியில் 30 மி.மீ. ஜல்லி படுக்கை போக, குழாயின் உள்ளடி சுமார் 450 மி.மீ. கீழே வெளியே வரும். மழைநீர் வடிகாலோ திறந்த கால்வாயோ அதைவிடத் தாழ்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. அங்கே மழைக்காலத்தில் நிற்கும் தண்ணீர் மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், காய்ந்த கால்வாயின் அடியை அல்ல. அந்த மட்டம் 300-ல் இருந்தால் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி உள்ளே வரும்.

அப்போது இரண்டு வழிதான். ஒன்று, குறைவாகத் தோண்டி முற்றத்தை உயர்த்துவது. வீட்டு மட்டம் இடம் கொடுத்தால் இதுவே மேல். இன்னொன்று, தாழ்ந்த மூலையில் சம்ப் தோண்டி, மிதவை ஸ்விட்ச் வைத்த பம்பு போடுவது. மணிக்கு 50 மி.மீ. மழைக்கு நிமிடத்துக்குச் சுமார் 42 லிட்டர் வரும்; நீங்கள் ஏற்ற வேண்டிய உயரத்தில் அதைவிடக் கூடுதலாகத் தள்ளும் பம்பாக இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவு பூஜ்ய உயரத்துக்கானது, அதைப் பார்த்து வாங்காதீர்கள். உறிஞ்சு குழி வேண்டாம். களிமண்ணுக்குள் வெட்டிய உறிஞ்சு குழி முதல் மழைக்கு நிரம்பும், அப்புறம் நிரம்பியே இருக்கும். களிமண்ணைத் தாண்டிக் கீழே மணல் அடுக்கு இருப்பது தெரிந்தால் மட்டும் அது பயன்படும். கழிவுநீர்க் குழாயிலும் இணைக்காதீர்கள்.

கூரையிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் இந்த முற்றத்தில் விழுகிறதா? அதைத் தனியாக, துளையில்லாத குழாயில் நேரே வெளியேற்றத்துக்குக் கொண்டுபோங்கள். 100 சதுர மீட்டர் கூரையின் தண்ணீர் சேர்ந்தால் உங்கள் வடிகாலின் சுமை மூன்று மடங்கு ஆகிவிடும். பக்கத்து நிலம் உயரமாக இருந்து அங்கிருந்து நீர் வழிந்தால், அந்த எல்லையோரமே ஒரு இடைமறிப்பு வாய்க்கால் வெட்டி, முற்றத்துக்குள் வருமுன் திருப்பிவிடுங்கள்.

தோண்டுவது

ஈரக் களிமண்ணில் வேலை செய்யாதீர்கள். இந்த ஒரு விதியை மீறியே பல தளங்கள் கெடுகின்றன. ஈரத்தில் மிதித்த ஒவ்வொரு காலடியும் ஒரு குட்டிக் குட்டையாக அடியில் தங்கும். காம்பாக்டர் (இடித்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டினால் மண் இறுகாது, ஜெல்லி போல ஆடும். பதம் பார்க்க, கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே திரி போல உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு வரும்போது விரிசல் விட்டு உடைந்தால் பதம் சரி. அதற்கும் மெல்லியதாக நூல்போல் நீண்டால் இன்னும் ஈரம். திரியாகவே சேராமல் உதிர்ந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது. லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு நாள் விடுங்கள்.

தோண்டும் அளவு சுமார் 6.5 கன மீட்டர், வாய்க்கால்களுக்கு இன்னும் 1.4. மண் வெட்டி எடுத்ததும் பொதபொதவென்று 25 முதல் 30 சதவீதம் பெருகும். ஆக 10 கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வண்டி ஏற்பாடு செய்யுங்கள். தோண்டிய தளத்தை நூல் கட்டி, வாட்டப்படி சமமாகச் சீவுங்கள். மேலே சிப்ஸ் போட்டு மட்டம் பண்ணிக்கொள்ளலாம் என்று களிமண்ணைக் குண்டும் குழியுமாக விட்டால், ஒவ்வொரு குழியும் ஜல்லிக்கு அடியில் தண்ணீர் வைத்திருக்கும். நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும்.

மணலைக் கொட்டிக் களிமண்ணோடு கொத்திவிட்டால் மண் இளகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. சிறிதளவு மணல் கலந்த களிமண் செங்கல் போல இறுகும். அதைச் செய்யாதீர்கள்.

கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிற களிமண்ணாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அது பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும், புல்லின்மேல் அலை அலையாகத் தெரியும். ஜல்லியை 150 முதல் 200 மி.மீ. ஆக்குங்கள், ஜல்லிக்கு அடியில் விரிக்கும் துணிக்கு (அடுத்த பகுதியில் வருகிறது) மேல் ஒரு ஜியோகிரிட், அதாவது ஜல்லியை நகராமல் பிடிக்கும் பிளாஸ்டிக் வலை, விரியுங்கள். நீர்த்த சுண்ணாம்பை மண்ணின் காய்ந்த எடையில் 3 முதல் 6 சதவீதம் கலந்து, ஈரத்தோடு ஒரு நாள் ஊறவிட்டு இடித்தாலும் உப்பும் குணம் குறையும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொட வேண்டாம். வெடித்துக் கிடக்கும் உச்ச வறட்சியில் தளம் போட்டால் மழையில் மேடு தட்டும். மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும் காலமே சரி.

வாய்க்கால், துணி, ஜல்லி

நீளவாக்கில் ஒரு ஓரமாக ஒரு முதன்மை வாய்க்கால், 10 மீட்டர். அதில் வந்து சேரும்படி, முற்றத்தின் குறுக்கே சாய்வாக மூன்று கிளைகள், ஒன்றுக்கொன்று சுமார் 3 மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர். மொத்தம் 28 மீட்டர் குழாய். வாட்டத்தோடு இணையாகக் கிளை வெட்டினால் தண்ணீர் அதன் பக்கத்திலேயே ஓடிப் போய்விடும். சாய்வாக வெட்டினால்தான் வாய்க்கால் அதைக் குறுக்கே பிடிக்கும். அகலம் 200 மி.மீ., ஆழம் 250 மி.மீ., வாட்டம் 100-க்கு 1. எந்த இடத்திலும் 200-க்கு 1-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் வண்டல் தங்கும்.

துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம். தளம் முழுவதும் விரித்து, வாய்க்காலுக்குள்ளும் இறக்கி, சுவரும் அடியும் மூடும்படி படிய வையுங்கள். சேரும் இடத்தில் 30 செ.மீ. மேலடுக்கு. விளிம்புகளில் மேலே மடித்து ஏற்றவும் சேர்த்து 80 சதுர மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். துணி இல்லாவிட்டால் என்ன ஆகும்? நடக்க நடக்க ஈரக் களிமண் ஜல்லியின் இடைவெளியில் ஏறும், ஜல்லி மண்ணுக்குள் புதையும். சில மழைக்காலத்தில் இடைவெளி அடைபட்டு, ஜல்லி இருந்த இடத்தில் சேறு இருக்கும். துணியில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

குழாய், 80 அல்லது 100 மி.மீ. துளையிட்ட பிவிசி. 30 மி.மீ. ஜல்லி பரப்பி, அதன்மேல் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மேலே பார்க்க வைப்பது சர்வ சாதாரணமாக நடக்கும் தவறு. தண்ணீர் கீழிருந்து மட்டம் ஏறித்தான் குழாய்க்குள் நுழைகிறது. துளை மேலே இருந்தால் குழாய் முழுகும் வரை வேலை செய்யாது. குழாய்க்கே உறை மாட்டி விற்பதைக் களிமண்ணில் தவிர்ப்பது நல்லது. அந்த உறையின் பரப்பு சிறியது, நுண்மண் படிந்து சீக்கிரம் அடைபடும். வாய்க்கால் முழுவதையும் துணியால் மூடினால் வடிகட்டும் பரப்பு பல மடங்கு. முதன்மைக் குழாயின் மேல்முனையில் ஒரு செங்குத்துக் குழாய் ஏற்றி மூடி போட்டு வையுங்கள். பின்னால் குழாயைக் கழுவ அது ஒன்றே வழி.

வாய்க்காலில் ஜல்லி நிரப்பிய பிறகு அதன் தலையைத் துணியால் மூடிக் கட்டாதீர்கள். தோட்டத்து வடிகாலில் மேலே மண் வருவதால் மூடுவார்கள். இங்கே மேலே வருவதும் சுத்த ஜல்லியே, நடுவில் ஒரு துணி தடை மட்டும்தான்.

இப்போது கிரஷர் தூள் விஷயம். தூள் கலந்த கலவை நன்றாக இறுகும், வழவழவென்று மட்டம் வரும், அதனால் வேலையாட்களுக்குப் பிடிக்கும். தண்ணீர் தானாக உறிஞ்சும் மண்ணில் அது ஓரளவு செல்லும். களிமண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் ஓடியாக வேண்டும், இறுகிய தூளுக்குள் அது ஓடாது. தூள் நனைந்து கனக்கும், மிதித்தால் குழையும். கழுவிய முக்கால் ஜல்லி, அதாவது 20 மி.மீ., தூள் இல்லாதது, அதைத்தான் போடுங்கள். அதன் இடைவெளி 35 முதல் 40 சதவீதம். 100 மி.மீ. அடுக்கு, அடியில் வழி இருந்தால், 35 முதல் 40 மி.மீ. மழையைத் தாங்கி வைத்து மெல்ல வெளியேற்றும். பெருமழையின் உச்சத்தில் குழாய் திணறினாலும் புல்லுக்கு மேல் தண்ணீர் ஏறாமல் காப்பது இந்த இடைவெளிதான்.

அளவு: தளத்துக்கு 5 கன மீட்டர், இறுகுவதற்கு 10 சதவீதம் கூட்டி, வாய்க்கால்களுக்கும் சேர்த்து 7 கன மீட்டர், சுமார் 10 டன். வாய்க்கால் ஜல்லியை முதலில் தனியாகக் குத்தி இறுக்குங்கள். இல்லையென்றால் ஓர் ஆண்டில் புல்லின்மேல் குழாய் போகும் பாதை வரைபடம் போலத் தெரியும். பிறகு தளத்து ஜல்லியை 50 மி.மீ. அடுக்காக இரண்டு முறை பரப்பி, ஒவ்வொன்றையும் பிளேட் காம்பாக்டரால் இரண்டு மூன்று ஓட்டு ஓட்டுங்கள்.

மேலே கால் ஜல்லி சிப்ஸ், 2 முதல் 6 மி.மீ., இதுவும் கழுவியது. கொஞ்சம் ஜல்லிக்குள் இறங்கும் என்பதால் 1.8 கன மீட்டர் வாங்குங்கள். இந்த இடத்தில் மணல் வேண்டாம். நுண்மணல் அடுக்கு, பெரிய இடைவெளி உள்ள ஜல்லியின்மேல் உட்கார்ந்தால் தண்ணீரை உடனே கீழே விடாது. தான் முழுக்க நனையும்வரை பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு ஜல்லிக்குள் சரிந்து மேலே பள்ளம் விழும். 3 மீட்டர் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். அடியில் 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் நிரப்பி மறுபடி ஓட்டுங்கள்.

முற்றத்தைச் சுற்றிலும் ஓரக் கட்டைக் கான்கிரீட்டில் போடுவது இன்னொரு கண்ணி. அழகாகக் கட்டிய கட்டு, தாழ்ந்த பக்கத்தில் அணையாகிவிடும். அந்தப் பக்கம் களிமண் மட்டத்தில் 25 மி.மீ. குழாய்த் துண்டுகளை மீட்டருக்கு ஒன்றாகப் பதித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். புல்லை ஆணியால் பிடிக்க, கட்டின் உட்புறம் கலப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றும் வேண்டும். தூளில்லாத ஜல்லியில் ஆணி நிற்காது.

புல் விரிக்குமுன் தண்ணீர் விடுங்கள்

ஹோஸ் குழாயை உயரமான மூலையில் வைத்து அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் 450 லிட்டர். சிப்ஸ் மேல் எங்கும் பளபளப்பாகத் தண்ணீர் நிற்கக் கூடாது. வெளியேற்றத்தில் முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிய வேண்டும். ஜல்லி தானே கொஞ்சம் நனைந்து பிடித்துக்கொள்ளும், ஆகவே போன அத்தனையும் வராது. ஆனால் ஒன்றுமே வராமல் ஹோஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ மட்டம் தவறியிருக்கிறது. இப்போது பிரித்தால் ஒரு நாள் வேலை. புல் ஒட்டிய பிறகு என்றால் எல்லாமே போச்சு.

புல்

இந்தக் கட்டத்தில் சொல்ல அதிகமில்லை. சுருளை விரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் கிடக்க விடுங்கள். எல்லாத் துண்டுகளின் இழையும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஆலை விளிம்பில் இரண்டு மூன்று தையல் வரிசையை வெட்டி எறிந்துவிட்டு, புல்லின் மற்ற தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளி வரும்படி துண்டுகளைச் சேருங்கள். அதைவிட நெருங்கினால் மேடு, விலகினால் கோடு. 30 செ.மீ. அகல இணைப்புத் துணியும் பாலியூரித்தேன் பசையும். சோதனைக்கு விட்ட தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஈரச் சிப்ஸ் மேல் ஒட்டிய இணைப்பு பின்னால் வாய் பிளக்கும்.

புல்லுக்கும் சிப்ஸுக்கும் நடுவே களைத்துணி போடச் சொல்வார்கள். அடியில் நல்ல துணி இருக்கும்போது இது அவசியமில்லை. நெருக்கமாக நெய்த பிளாஸ்டிக் களைத்துணியாக இருந்தால் கெடுதல்தான். நாய் வளர்த்தால் கட்டாயம் வேண்டாம். சிறுநீர் அதில்தான் தங்கி நாறும். அடிப்புறத்தில் துளை குத்திய புல்லைவிட முழுப்பரப்பும் நீர் விடும் வகை அப்படிப்பட்ட வீட்டுக்கு ஏற்றது.

நிரப்பு மணல் உருண்டைத் துகளான, கழுவி உலர்த்திய சிலிக்காவாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிலோ, 50 சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ. புல் காய்ந்திருக்கும்போது மூன்று நான்கு தவணையாகத் தூவி, இழை நிமிரத் துடைப்பத்தால் தேய்த்து இறக்குங்கள். தூசி நிறைந்த கட்டுமான மணலைப் போட்டால் அடித்துளைகளை அதுவே அடைக்கும்.

ஏற்கெனவே விரித்துவிட்டு, சதசதவென்று இருந்தால்

முழுவதையும் பிரிக்கும் முன், தாழ்ந்த மூலையில் ஓரத்து ஆணிகளைப் பிடுங்கிப் புல்லை அரை மீட்டர் தூக்கி, தளத்தை ஒரு கைப்பிடி ஆழம் தோண்டிப் பாருங்கள். ஜல்லிக்குள் தண்ணீர் நிறைந்து நின்றால் புல்லுக்கும் ஜல்லிக்கும் குறையில்லை, வெளியேற்றம்தான் இல்லை. அந்த ஒரு ஓரத்தில் மட்டும் புல்லைச் சுருட்டிவிட்டு வாய்க்கால் வெட்டிக் குழாய் போட்டாலே பெரும்பாலும் தீரும். ஜல்லி காய்ந்திருந்து புல் மட்டும் ஈரமாக இருந்தால் அடித்துளைகளோ மேல் துணியோ அடைபட்டிருக்கிறது. துணியை உருவி எடுத்துவிட்டு, அடைபட்ட துளைகளைச் சூடான கம்பியால் திறக்கலாம். ஜல்லியே கையில் சேறாகப் பிசைபட்டால் கீழே துணியில்லை, அல்லது தூள் கலவை போட்டிருக்கிறார்கள். அதற்கு ஒட்டுப்போடும் வழி கிடையாது, தளத்தை மாற்றியாக வேண்டும்.

சரியாகப் போட்ட தளத்துக்குப் பராமரிப்பு சொற்பம். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை, மேல்முனை மூடியைத் திறந்து ஹோஸை உள்ளே விட்டு, வெளியேற்றத்தில் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். முதல் ஆண்டில் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவினால் நல்லது, துணி படிந்து நிலைக்கும் வரை நுண்மண் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும்.